ஆரம்பத்திலேயே நிறுத்தப்பட்டவர்கள்

தொழிற்சங்கச் செயலாளன் என்பவன் நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பவன். கந்தோர் என்னும் அலுவலக வாசல்களில் கால்கடுக்க நின்ற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளருக்கு நேர்ந்தவற்றை வரிசைப்படி சொல்கிறேன். முதலாவது, குடிக்கத் தண்ணீர் தரவில்லை. இரண்டாவது, அடிபட்டவனுக்கு நியாயம் தரவில்லை. மூன்றாவது, ஆண்டுக்கணக்கில் உழைத்தவனுக்கு நிரந்தர வேலை தரவில்லை. மூன்றுக்கும் அவர்களை வேலைக்கு வைத்த கம்பனி ஒரே சொல்லைத்தான் பதிலாகத் தந்தது: ஆரம்பம்.

துண்டுப்பிரசுரங்களில் படித்து வளர்ந்தவன் நான். விடியலின் ஆரம்பம் என்று மேடைகளில் முழங்கியவன். அதே சொல்லால் கதவையும் அடைக்கலாம் என்று கம்பனியிடம்தான் கற்றேன்.

ஆரம்பக் கட்டம்

இறங்குதுறையில் தண்ணீர்க் குழாய் கேட்டோம். "வேலை ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது" என்றார் கம்பனி மேலாளரான துரை. ஒருநாள் உண்மையிலேயே குழாய் நட்டார்கள். மேலே குழாய், நிலத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. மூட்டை ஏற்றும் அந்தோனி தினமும் அதில் சட்டையைக் கொழுவிவிட்டு வேலைக்கு இறங்குவான். பார்வையிட வந்த துரை சட்டையைக் கண்டு சினந்தார்.

"கோவிக்காதேங்கோ ஐயா, தண்ணி வாற அண்டைக்கு முதல் ஆளா வந்து கழட்டுறன்" என்றான் அந்தோனி.

ஆரம்ப விசாரணை

அரைநாள் வேலைநிறுத்தத்தில் தண்ணீர் வந்தது. அடுத்தது கிளிவெட்டி ஊர்ச் செல்லத்துரையின் விஷயம். பாரம் தூக்கும் கயிறு அறுந்து, மூட்டை அவன் வலக்காலில் விழுந்தது. கம்பனி ஆரம்ப விசாரணை வைத்தது. கதிரையில் உட்கார்ந்தபடி துரை, எதிரே நொண்டியபடி செல்லத்துரை, பக்கத்தில் நான். கயிறு எத்தனை பழசு என்று விசாரியுங்கள் என்றேன். அதெல்லாம் முழு விசாரணைக்குரியதாம். மூட்டை விழுமுன் கால் எப்படி இருந்தது என்பதே இப்போதைய கேள்வியாம். "உனக்கு முந்தியே நொண்டல் இருந்ததோ?" என்றார் துரை.

"இல்லை ஐயா. வயலில ரெண்டு காலாலயும்தான் உழுதனான். நம்பிக்கை இல்லையெண்டால் என்ர மாட்டைக் கூப்பிட்டுக் கேளுங்கோ."

ஆரம்ப நிலை

செல்லத்துரைக்கு, விடாப்பிடியாக நின்று, உட்கார்ந்து பார்க்கும் காவல் வேலை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாவதுதான் கடினம். காலையில் துறைமுக வாசலில் கங்காணி வெற்றுப் பீப்பாவில் ஏறி ஆள் எடுப்பார். நிரந்தரக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மற்றவர்கள் 'ஆரம்ப நிலை'. அவர்களுக்கு நீட்டிய விரல்தான் அழைப்பு. ஓராண்டு விடாமல் உழைத்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஆண்டு நிறையும் தறுவாயில் அவனைச் சில நாள் நிறுத்திவிட்டு, பிறகு புதியவனாக எடுப்பார்கள்.

கிண்ணியாவிலிருந்து பாதை என்னும் மிதவையேறித் தினமும் வரும் காசிம் காக்கா (காக்கா என்றால் அண்ணன்), நரைத்த பின்னும் இப்படிப் புதியவராகவே இருந்தார். "தம்பி, பேரப்பிள்ளையும் கண்டிட்டன். கம்பனிக்கு நான் இன்னும் புது ஆள். இந்த முறையும் நிப்பாட்டினா, இனிப் பாதையேற ஏலாது" என்றார்.

அந்த முறையும் விரல் அவரைத் தாண்டிப் போனது. ஆனால் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட அந்தோனி அசையவில்லை.

"என்னடா, பேர் கேக்கேல்லையோ?" என்றார் கங்காணி.

"கேட்டது கங்காணியார். காக்காவின்ர பேரும் கேட்டால்தான் உள்ள வருவன்."

அடுத்தவனும் நகரவில்லை, அதற்கடுத்தவனும் நகரவில்லை. புல்மோட்டைக் கனிம மணலை ஏற்றிப்போக வந்த கப்பல் சும்மா நின்றது. வெயில் ஏறியது. தேத்தண்ணிக் கடையிலிருந்தவர்களும் பாதையில் வந்திறங்கியவர்களும் கூடிவிட்டார்கள். கடைசியில் துரையே வந்து கங்காணியின் காதில் ஏதோ சொன்னார். கங்காணி காக்காவிடம் குனிந்து, "உங்கட முழுப்பேர் என்ன?" என்று கேட்டார். அத்தனை ஆண்டுகளாக அவருக்கு அது தெரியாது. காக்கா மெதுவாகச் சொன்னார்.

இன்று எங்கள் சங்கத்தை நினைப்பார் இல்லை; ஆனாலும், ஆரம்பம் என்பது யாராவது முடித்துவைக்கும்வரை நீண்டுகொண்டே போகும் என்று நான் கண்ட அந்தக் காலையில், அங்கு நின்ற அத்தனை பேரும் சாட்சியாக, கங்காணி பீப்பாமேல் நிமிர்ந்து நின்று உரக்கக் கூப்பிட்டார்: "உதுமாலெப்பை முகம்மது காசிம்!"