இரண்டு பேருக்கான கதவு

கொட்டாம்பட்டியை விட்டு மதுரைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். நான்கு வழிச்சாலையில் விரைவுப் பேருந்துகள் நிற்காமல் போயின. கை காட்டுவதைக் கொஞ்ச தூரத்திலேயே விட்டுவிட்டேன். முதுகுப் பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, சார்ஜர். சட்டைப்பையில் மூலை உடைந்த பழைய போன். அந்தப் போனுக்குள்தான் என் வாள்காரன் இருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன், அப்படியே கூட்டிக்கொண்டு திரும்பினேன்.

வந்த காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு போன் விளையாட்டில் கடைசிக் கதவைத் திறக்க வந்தேன். அதைத் திறக்க இரண்டு பேர் வேண்டும்.

அந்த விளையாட்டு பாகம் பாகமாக வந்தது. வாள், மந்திரம், அரக்கர்கள், பூமிக்கடியில் குகை குகையாகப் போகிற பாதை. அரக்கனை வெட்டினால் புள்ளி கிடைக்கும். அதை வைத்து நம் ஆளுக்குப் பலம் ஏற்றலாம். முதல் பாகத்தைத் தனியாகத்தான் ஆட முடியும். இரண்டாம் பாகத்தில் ஒருவன் ஹாட்ஸ்பாட் போட்டால் பக்கத்தில் இருப்பவனும் உள்ளே வரலாம். நானும் மாப்ளயும் அந்தப் பாகத்திலேயே கிடந்தோம்.

மாப்ள எனக்கு உறவில்லை, ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம். கொட்டாம்பட்டியில் சாலையோரப் பரோட்டாக் கடையில் ஒன்றாக வேலை பார்த்தவன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், அவன் பத்தில் தோற்றவன். நான் மாவு பிசைந்து உருண்டை பிடிப்பேன், அவன் வீசிக் கல்லில் போடுவான். யார் எதைச் செய்வது என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் அப்படி நின்றோம், பிறகும் அப்படியே நின்றோம். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் மாவு மூட்டையில் சாய்ந்துகொண்டு ஆடுவோம்.

விளையாட்டிலும் அதையே செய்தோம். கிடைத்த புள்ளியை எல்லாம் நான் வாளிலேயே போட்டேன். அவன் கேடயத்திலும் காயம் ஆற்றும் மந்திரத்திலும் போட்டான். எப்போதும் பக்கத்தில்தானே இருக்கப்போகிறோம் என்ற நினைப்பு. என் ஆள் எருமைத்தலை அரக்கனை ஒரே வெட்டில் சாய்ப்பான், யாராவது லேசாகத் தொட்டாலும் செத்துவிழுவான். அவன் ஆள் எவ்வளவு அடியும் தாங்குவான், ஒரு எலியைக் கொல்ல அரை நாள் எடுப்பான். தனித்தனியாக எடுத்தால் இரண்டும் உருப்படாத பிறவிகள்.

கடைசிக் கோட்டையின் வாசல் வரை போய்விட்டோம். அந்தச் சமயத்தில் நான் முதலாளியோடு முறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர் இறைத்தேன். பிறகு செங்கல் சூளை. பிறகு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினேன். போன இடமெல்லாம் வாள்காரனை எடுத்துப் பார்ப்பேன். தனியாக எந்தக் குகைக்குள் அனுப்பினாலும் வாசலிலேயே சாவான். பரோட்டாக் கடைகளில் என் பாடும் அப்படித்தான் இருந்தது. வீசத் தெரியுமா என்பார்கள், பிசையத் தெரியும் என்பேன், வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

போன் சூடாகித் தானாக அணைய ஆரம்பித்தபோதுதான் பயம் வந்தது. அந்தப் பாகத்தை இப்போது வேறு போனில் டவுன்லோட் செய்ய முடியாது. போன் போனால் வாள்காரனும் போவான். அதற்குள் ஒருமுறை மாப்ளயோடு உட்கார்ந்து கதவைத் திறந்துவிட வேண்டும். முடிந்தால் மறுபடி அங்கேயே மாவு பிசைய நின்றுவிட வேண்டும். இரண்டையும் ஒரே ஆசையாகத்தான் வைத்திருந்தேன்.

கொட்டாம்பட்டிக் கடையில் மாப்ள கல்லுக்குப் பின்னால் அதே இடத்தில் நின்றான். தொப்பை விழுந்திருந்தது. “வாடா மாப்ள, உசுரோடதான் இருக்கியா” என்றான். பேசும்போதும் கை நிற்கவில்லை. சாப்பிட வைத்தான். கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகவும், குழந்தை தன்னைத் தூங்கவிடுவதில்லை என்றும் சொன்னான். நான் பிசைகிற பலகை கிடந்த மூலையில் ஒரு ஸ்டீல் தொட்டி சுற்றிக்கொண்டிருந்தது. மாவு பிசையும் மெஷின்.

“அது லீவு கேக்காது. மொதலாளிகிட்ட முறைக்காது” என்றான்.

நானும் சிரித்தேன். பொய் இல்லையே.

போனை எடுத்து, ஹாட்ஸ்பாட் போடு, அந்தக் கதவைத் திறந்துவிடலாம் என்றேன். எந்தக் கதவு என்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை. நினைவு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பழைய போனைக் கடையில் கொடுத்துப் புதுசு எடுத்து நாளாகிவிட்டதாம். கேடயக்காரன் அதோடு போய்விட்டான். இப்போது நாலாம் பாகம் ஆடுகிறானாம். எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்திருந்த புதுப் போனைக் காட்டினான். அதில் தங்கக் கவசம் போட்ட ஒருவன் ஓடி ஓடி அரக்கர்களை வெட்டிக்கொண்டிருந்தான். திரையில் யார் விரலும் இல்லை.

“யாருடா ஆடுறா?”

“அதுவா ஆடும் மாப்ள. ஆட்டோல போட்டு விட்டுட்டாப் போதும். நான் இம்புட்டு மாவையும் போட்டு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு லெவல் ஏறிரும்.”

“அப்ப நீ என்ன செய்வ?”

அவன் ஒரு உருண்டையைத் தட்டி எடுத்தான். “பாத்துக்கிட்டு இருப்பேன்” என்றான்.

அவன்மேல் கோபம் வரவில்லை. நாள் முழுக்க வீசுகிற தோள்பட்டை அது. வேலை முடிந்தபிறகும் எதையாவது வெட்டிக்கொண்டிருக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை. இருந்துவிட்டுப் போகச் சொன்னான். போறேன் மாப்ள என்றேன். பரோட்டா நாலைக் கட்டிக் கையில் கொடுத்தான்.

மேலூர்ப் பக்கம் நடந்து, ஒரு பாலத்தின் நிழலில் உட்கார்ந்து போனை உயிர்ப்பித்தேன். கோட்டை வாசலில் இரண்டு கல் உண்டு. இருவரும் ஆளுக்கொரு கல்லில் ஏறினால்தான் கதவு அசையும். என் ஆளை ஒரு கல்லில் ஏற்றினேன். கல் ஒளிர்ந்தது. பக்கத்துக் கல் இருட்டாகவே கிடந்தது. அவனை இறக்கி அடுத்த கல்லில் ஏற்றினேன். இது ஒளிர்ந்தது, அது அணைந்தது. முட்டாள்தனம்தான், இரண்டு மூன்று தடவை செய்தேன். பிறகு போன் அணைந்தது, மறுபடி எழவில்லை. பரோட்டாவைப் பிரித்துச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் நின்றது.

இரவு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் அவனியாபுரத்துக்கு வந்து ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். அங்கே பட்டறைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பரோட்டாக் கடை. முதலாளி தனியாகக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆள் வேணுமாண்ணே என்றேன். வேணும், ஆனால் பிசைய ஒருவன் வீச ஒருவன் என்று வைக்க இது பெரிய கடையில்லை, இரண்டுக்கும் ஒரே ஆள்தான் என்றார்.

“பிசைவேண்ணே. வீசிப் பழகினதில்ல. கிழிஞ்சு போகும்.”

அவர் என் கையைப் பார்த்தார். “கிழிஞ்சது கொத்துப் பரோட்டாவுக்கு ஆகும்” என்றார். “கையக் கழுவிட்டு வா.”

கழுவினேன். எங்கே நிற்பது என்று கேட்கவில்லை. மாவை நானே பிசைந்து ஊறப்போட்டுவிட்டு, கல்லுக்குப் பின்னால் போய் நின்றேன்.