மாடுகள் வந்து நின்ற வயல்

டோமஸ் விர்பாலஸை இன்று பனி ஓவியர் என்கிறார்கள். தலைநகர் வில்னியஸிலிருந்து வருபவர்கள் அவனுடைய வெள்ளை வயல்களின் முன் நின்று, நம் நாட்டின் மௌனமே இதுதான் என்று தணிந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்ப் பண்பாட்டு மன்றத்தின் படக்கிடங்கு வெகுகாலம் என் பொறுப்பில் இருந்தது. அவன் பனி வரையத் தொடங்கியது 1957 ஆகஸ்ட்டில், அறுவடை விழாவுக்கு மறுநாள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் சைபீரியாவிலிருந்து திரும்பியிருந்தான். தடைசெய்யப்பட்ட எங்கள் நாட்டுக் கொடியைத் தேவாலயக் கோபுரத்தில் ஏற்றியவர்களோடு பிடிபட்டவன். மேலே மஞ்சள், நடுவே பச்சை, அடியில் சிவப்பு. திரும்பி வந்தவனுக்கு மன்றத்தில் பலகை எழுதும் வேலை கிடைத்தது. பிறகு, விழாவுக்கு ஒரு பெரிய வயல் படம்.

முன்வரைவைப் பார்க்க மாவட்டக் குழுவிலிருந்து நோர்வைஷா வந்தார்.

"இவ்வளவு வானம் எதுக்கு, விர்பாலஸ்? வானமா நமக்கு ரொட்டி போடுது? வெட்டுங்க, விளைச்சலைக் காட்டுங்க. கீழ என்ன இது, உழுத மண்ணா? எழவு வீடு மாதிரி இருக்கு. செவப்பா எதாவது போடுங்க."

"கசகசாப் பூ போடலாமா, தோழர்?"

"போடுங்க, நெறையப் போடுங்க."

நானும் கணக்கு எழுதும் எமீலியாவும் பக்கத்திலேயே நின்றிருந்தோம்.

டோமஸ் சொன்னபடியே செய்தான். சமையலறைதான் அவனுக்குப் பட்டறை. படத்துக்கும் அடுப்புக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கத்தான் இடம். தள்ளி நின்று பார்க்க வழியில்லை.

விழாவன்று காலையில் படத்தை மன்றத்தில் மாட்டினோம். அவன் மனைவி சலோமேயா கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தவள், கூடத்தின் கடைசி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டோமஸ், இங்க வா."

"இரு, இந்த ஆணி…"

"வான்னு சொல்றேன்ல!"

போய் அவளருகில் நின்று பார்த்தான். அவன் கை நிலைக்கதவைப் பிடித்தது. மேலே விளைந்த கதிர், நடுவே தீவனப்புல், அடியில் கசகசாப் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் நேரான மூன்று பட்டைகள்.

"வேணும்னு பண்ணல, சலோமேயா."

"எனக்குத் தெரியும். அவனுங்களுக்கு யாரு சொல்றது? கொடி கட்டிப் போனவன் திரும்பி வந்து கொடியவே வரைஞ்சு மாட்டிட்டான்னு மறுபடி ரயில் ஏத்துவானுங்க." என் பக்கம் திரும்பினாள். அவர்கள் மகளுக்கு நான் ஞானத்தகப்பன் என்பதால் என்னைக் கூமே என்றுதான் அழைப்பாள். "கூமே, மரம் மாதிரி நிக்கிறீங்களே, ஏணிய எடுங்க!"

ஏணியில் நான் கால் வைத்தபோது வெளியே கார் வந்து நின்றது.

நோர்வைஷா சிரித்துக்கொண்டே நுழைந்தார். அதே வாசலில் அவரும் நின்றார். சிரிப்பு போய்விட்டது. டோமஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"வானம் எங்க போச்சு?" என்றார்.

மூலை மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எமீலியா தலை நிமிராமலே சொன்னாள்: "நீங்கதானே தோழர் வெட்டச் சொன்னீங்க. அந்தப் பூவும் நீங்க கேட்டதுதான்."

டோமஸின் முகத்தில் சற்றுமுன் நான் பார்த்த பயத்தை அவர் முகத்திலும் பார்த்தேன். ஓட்டுநர் எட்டிப் பார்க்குமுன் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"மாடு," என்றார். "கூட்டுப்பண்ணைல மாடே இல்லையா? மாடு போடுங்க. பெருசா, குறுக்கால."

"சாயங்காலத்துக்குள்ள சாயம் காயாதே, தோழர்."

"காயலைன்னா கிட்ட விடாம கயிறு கட்டு! பேசிட்டு நிக்காத, போடுய்யா!"

டோமஸ் தூரிகையோடு ஏணியில் ஏறினான். சலோமேயா கீழிருந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கடைசி மாடு முடியும்வரை நோர்வைஷா கதவை விட்டு நகரவில்லை. ஒரு மாட்டுக்குக் கால் ஐந்தாகிவிட்டது.

மாலையில் வில்னியஸிலிருந்து வந்த பெரிய அதிகாரி கயிற்றுக்கு அப்பால் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"எண்ணெய் வாடை அடிக்குதே?"

"தரைக்கு எண்ணெய் போட்டுத் தேய்ச்சோம், தோழர்," என்றார் நோர்வைஷா.

"மாடு ரொம்ப அதிகமா இருக்கே?"

"பால் உற்பத்தி கூடியிருக்கு, தோழர்."

கைதட்டினார்கள்.

டோமஸைத் தேடி யாரும் வரவில்லை. மறுநாள் அவன் வெள்ளையை மட்டும் குழைத்தான். "ஒரு பூவாவது போடேன்," என்று சலோமேயா எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "எதுக்கு வம்பு," என்பான். 1988இல் தடை நீங்கித் தெருவெல்லாம் அந்தக் கொடி பறந்தபோதும் ஜன்னல் திரையை அவன் விலக்கவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகும், வாசலில் கார் நின்றால், எதிரே இருக்கும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்வான். நான்தான் திருப்பி வைப்பேன். அதில் பனியைத் தவிர எதுவும் இல்லை.