பனியில் போட்ட மாந்தழை

விபத்து கேஸ் நடத்துகிற வக்கீலுக்குச் சட்டப் புத்தகத்தை விட வானிலைச் செய்திதான் அதிகம் உதவும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் லாரி ஓட்டுகிறவர்களுக்காகப் பல வருடமாகக் கறுப்புக் கோட்டு மாட்டுகிறேன். ஐப்பசியில் மழை மேலும், தை மாதத்தில் பனி மேலும் பழியைப் போடும் கட்சிக்காரர்கள்தான் எனக்குச் சோறு போடுகிறார்கள். கோர்ட் வராந்தாவில், பெயரைக் கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நாளையாவது தொலைத்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் இனம், மேலே படியுங்கள்.

பனிக்கு ஒரு சம்மன்

என் ஆரம்ப காலக் கட்சிக்காரர் ஒருவர், காலைப் பனியில் முன்னால் போன பஸ்ஸின் முதுகில் லாரியை ஏற்றிவிட்டு வந்தார். பனி என்றால் மெதுவாகப் போக வேண்டியது ஓட்டுகிறவர் பொறுப்பு, கண் தெரியவில்லை என்பது சட்டத்தில் சாக்கு ஆகாது. "கூண்டில் ஏறினால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஏறிய மனிதர் பெரிதாக ஒரு கும்பிடு போட்டு, "தப்பு என்னுது இல்லீங்கய்யா, பனியோடது" என்றார். நான் ஃபைலுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன். நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "மேடம், பனியோட அட்ரஸ் கொடுங்க, சம்மன் அனுப்பிடலாம்."

ஒத்துக்கொள்ள மறுத்தவர்

அதனால் பாகலூர் முனிராஜ் வந்து "பனிங்க" என்று ஆரம்பித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு, தை மாதம் காலை ஆறரை மணிக்கு வேப்பனப்பள்ளி ரோட்டில் வந்திருக்கிறார். வயரிங் புகைந்து இன்ஜின், லைட் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. ஓரம் கட்ட இடமில்லாத சின்னப் பாலம். லாரி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கால் மணி நேரத்தில் பின்னால் வந்த பால் டெம்போ ஒன்று மோதி, அதை ஓட்டிவந்த அந்தோணிக்குக் கால் எலும்பு இரண்டாக முறிந்தது. 'எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வண்டியை நிறுத்தி, பலத்த காயம் ஏற்படுத்தினார்' என்று முனிராஜ் மேல் வழக்கு.

முனிராஜ் சொன்னது வேறு. பக்கத்துத் தோப்பில் மாங்கிளைகளை ஒடித்து, அறுபது அடி பின்னாலிருந்தே கொத்துக் கொத்தாக ரோட்டில் போட்டாராம். நடுரோட்டில் தழை கிடந்தால் முன்னால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். டிரைவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். சட்டம் கேட்பதோ சிவப்பு முக்கோணம், லாரி ஓனர் அதை வாங்கித் தந்ததே இல்லை. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வா, லோடு காத்துக்கிட்டிருக்கு" என்று அந்த ஓனர் நச்சரித்தார். ஒத்துக்கொண்டால் லைசென்ஸ் போகலாம் என்று நான் எச்சரித்தேன். இருபத்திரண்டு வருடமாக ஸ்டீயரிங்கைத் தவிர வேறு வேலை தெரியாத மனிதர். ஆனால் அவர் கவலை லைசென்ஸ் மட்டுமில்லை: "ஒத்துக்கிட்டா நான் தழை போடலைன்னு ஆயிடுமே வக்கீலம்மா. நான் போட்டேனே!"

சாட்சியை மேய்ந்த ஆடுகள்

போலீஸ் வரைபடத்தில் லாரி இருந்தது, டெம்போ இருந்தது, பாலம் இருந்தது. தழை மட்டும் இல்லை. நேரில் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். ஆம்புலன்ஸுக்கு வழி விட ஜனங்கள் எல்லாவற்றையும் ஓரத்தில் தள்ளியிருக்கிறார்கள். பாலத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் அன்று கடை திறந்ததே அதற்குப் பிறகுதான், ரோட்டில் தழை கிடந்ததை அவர் பார்க்கவில்லை. ஓரத்தில் தள்ளிய தழை என்ன ஆயிற்று என்று அவரிடம் விசாரித்தேன். மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்: "பத்து மணிக்கெல்லாம் எங்க ஆடுங்க முடிச்சிருச்சுங்களே மேடம்."

மாமரத்துக்கு நியாயம்

அரசுத் தரப்பின் முதல் சாட்சி, தோப்புக்காரர் ரத்னம்மா. மோதிய சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் அவர்தான். மோதியதைப் பற்றி அரசு வக்கீல் கேட்டு முடித்ததும், ரத்னம்மா கூண்டை விட்டு இறங்காமல் நீதிபதி பக்கம் திரும்பிவிட்டார். "என் மரத்துக்கு என்ன பதில் சாமி? பூ விட்ட கிளைய ஒடிச்சிருக்கான் இந்தத் தொங்கா!" தெலுங்கில் தொங்கா என்றால் திருடன். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த செல்போனை எடுத்து நீட்டினார். ஃபிளாஷ் வெளிச்சத்தில், இரண்டு கையிலும் மாங்கிளையோடு திருதிருவென்று முழிக்கும் முனிராஜ்! மோதுவதற்குப் பத்து நிமிடம் முந்தைய நேரம் அதில் பதிவாகியிருந்தது. திருடனைப் பிடிக்க எடுத்த போட்டோ, என் கட்சிக்காரரைக் காப்பாற்ற வந்திருந்தது. எனக்கு அந்த அம்மாவை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அரசு வக்கீல் சும்மா இருப்பாரா? "ஒடிச்சதைப் பார்த்தீங்க சரி. ரோட்டுல போட்டதைப் பார்த்தீங்களா?" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் முடிந்தது. ரத்னம்மா யோசிக்கவே இல்லை: "தோப்புல இருந்து ரோட்டப் பாத்தா வெறும் பனிதான் தெரிஞ்சுது. பாக்காதத பாத்தேன்னு சொல்ல மாட்டேன்." எனக்குக் கோபமாகத்தான் இருந்தது, ஆனால் அப்படி ஒரு சாட்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. வெளியே வந்த பிறகும் ரத்னம்மாவுக்கு முனிராஜ் மேல் இருந்த கோபம் தீரவில்லை: "அடுத்த தடவ வேலியோரம் புங்க மரம் இருக்குது, அத ஒடி!"

கேட்கக் கூடாத கேள்வி

அடுத்த வாய்தாவில் அந்தோணி, ஊன்றுகோலோடு வந்தார். அவருடைய நஷ்டஈட்டு வழக்கு தனியாக நடந்துகொண்டிருந்தது. முழுத் தப்பும் லாரி மேல் என்றால்தான் அவருக்கு முழுத் தொகை. காலில் கட்டுப் போட்ட வலியில் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் தழை பற்றி ஒன்றுமில்லை, அப்போது யாரும் அதைக் கேட்கவும் இல்லை. முனிராஜ் என்னிடம், "அவரையே கேளுங்க வக்கீலம்மா, அவரும் டிரைவர்தானே" என்று காலையிலிருந்து பிடிவாதம் பிடித்தார். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. முடியாது என்று அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். எழுந்த பிறகு அவர் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன்.

"மோதறதுக்கு முன்னாடி ரோட்டுல ஏதாவது பார்த்தீங்களா?"

பின் வரிசையில் அந்தோணியின் நஷ்டஈட்டு வக்கீல் சொல்லாதே என்று அவருக்குத் தலையை ஆட்டினார். அந்தோணி ஊன்றுகோலைக் கூண்டில் சாய்த்து வைத்தார். "பாத்தனுங்க. மாந்தழை. ஒரு கொத்து தாண்டினேன், அப்புறம் இன்னொண்ணு. பால் லேட் ஆவுதேன்னு பிரேக்ல கால் வெக்கல" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

முனிராஜ் விடுதலை ஆனார். அந்தோணியின் வழக்கில் பாதித் தப்பு அவர் தலையிலேயே விழுந்து, நஷ்டஈடும் பாதியானது. அப்படி ஆகும் என்று சாட்சி சொன்ன அன்றே அவருக்குத் தெரியும். அன்று கோர்ட் படியில் முனிராஜ்தான் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அந்தோணியைக் கேட்டேவிட்டேன். அவர் என்னை விவரம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்: "கால் சரியானா நானும் வண்டி எடுக்கணும் மேடம். இன்னிக்குத் தழை இல்லைன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு என் வண்டி பனியில நின்னு நான் தழை போட்டா எவன் நம்புவான்?"

நான் வாதாடி ஜெயித்த கேஸ் என்று கிருஷ்ணகிரி கோர்ட்டில் இன்னமும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், நானும் மரியாதைக்காக மறுக்காமல் இருக்கிறேன்.