புல்லுக்கட்டில் வந்த அரளி

பாய் வீட்டுக் கிடா செத்துப்போனதை முதலில் பார்த்தது நான்தான். துணி உலர்த்தக் கொல்லைப்பக்கம் போனவள், வேலிக்கு அந்தப் புறம் அது காலை நீட்டிப் படுத்திருப்பதைக் கண்டேன். வெயில் காய்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் வாயோரத்து நுரை தெரிந்தது. கண் திறந்திருந்தது. கண்ணின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. இமை அசையவில்லை.

காலையில் வேலிக்கு மேலாகப் புல்லுக்கட்டை நீட்டியபோது என் கையை முட்டிய கிடா அது. பக்ரீத்துக்கென்று குட்டியிலிருந்து வளர்த்தது. நான் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி "அக்கா, அக்கா" என்று கத்தினேன். பாயின் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். கிடாவைப் பார்த்தார். "யா அல்லா" என்று ஒரு சொல். அப்படியே அதன் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. எனக்குக் கல்யாணமாகி வையம்பட்டியிலிருந்து பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு பாயும் ஒர்க்‌ஷாப்பில் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். சங்கு ஊதினால் இரண்டு பேரும் ஒன்றாகச் சைக்கிளை எடுப்பார்கள். என் அண்ணனும் அண்ணியும் பொன்மலைப்பட்டியில் இருந்தார்கள். அவர்கள் செய்த தொழில் தோட்ட வேலை. கன்டோன்மென்ட் பங்களாக்களிலும் ஆபீசர் வீடுகளிலும் புல் வெட்டி, வேலி கத்தரித்து, செடிக்குப் பாத்தி கட்டிக் கொடுப்பார்கள். வீட்டு வேலை முடிந்த நேரத்தில் நானும் கூடப் போவேன்.

மற்றவர்கள் வெட்டியதை ஒரு மூலையில் குவித்துக் கொளுத்திவிட்டுப் போவார்கள். அண்ணனுக்கு அது பிடிக்காது. "தீ வெக்கிறதுக்கா அவ்வளவு தண்ணி ஊத்தி வளத்தோம்?" என்பான். வெட்டின புல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகும். சருகும் தழையும் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த எருக்குழிக்குப் போகும். சுள்ளி அண்ணியின் அடுப்புக்கு. தென்னை மட்டையில் ஈர்க்கு உருவி விளக்குமாறு கட்டுவோம். குழியில் மக்கின எருவை வண்டி பிடித்து ஆற்றுக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்து வாழைத் தோப்புக்காரர்களுக்குக் கொடுப்பான். பங்களாவிலிருந்து வெளியேறியது ஒன்றும் வீணாகவில்லை என்பதில் எங்கள் மூன்று பேருக்குமே ஒரு பெருமை இருந்தது.

அன்று காலை விடியும் முன்பே அண்ணன் வாடகை மாட்டுவண்டியோடு போய், முந்தின நாள் ஒரு பங்களாவில் வெட்டிக் குவித்திருந்த புல்லை அள்ளிக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கொண்டு வந்திருந்தான். ஒரு கட்டை எங்கள் வீட்டு வாசலில் இறக்கினான், பாய் வீட்டுக் கிடாவுக்கு. ஒன்று பொன்மலைப்பட்டி பால்காரருக்கு. இன்னொன்றை, ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு வீட்டுப் பசுவுக்கென்று, எரு மூட்டைகளோடு வண்டியிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

என் கூச்சல் கேட்டு அக்கம்பக்கத்தார் கூடினார்கள். பாம்பு கடித்திருக்கும் என்றார் ஒருவர். அந்த நேரம் பார்த்து என்னை வேலைக்குக் கூப்பிட அண்ணி வந்தாள். கிடாவை ஒரு பார்வை பார்த்தவள், மிச்சம் கிடந்த புல்லின் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் விலக்கினாள். புல்லுக்கு நடுவிலிருந்து நீள நீளமாக, வாடிச் சுருண்ட இலைகளை எடுத்தாள். இன்னும் விலக்கினாள். கசங்கிப்போன இளஞ்சிவப்புப் பூ ஒன்று வந்தது.

"அரளி" என்றாள். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. "எப்படி அண்ணி? நம்ம ஊர்ல ஆடு வாய் வைக்காதுன்னுதானே அதை வேலிக்கே வைக்கிறாங்க?"

"பச்சையா இருந்தா மோந்து பாத்துட்டு விட்டுரும். வாடிப்போயி புல்லோட புல்லா கலந்து கிடந்தா வாயில்லாத ஜீவனுக்கு என்ன தெரியும்?"

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் நினைத்தது எனக்கும் அந்தக் கணத்தில் உறைத்தது.  பால்காரர் வீடு. ஸ்ரீரங்கம்.

"பால்காரர் வீட்டுக்கு நான் ஓடுறேன். நீ ஸ்ரீரங்கம் போ. உத்தர வீதி வீடு உனக்குத் தெரியும்ல?"

போன மாதம் ஒருமுறை எரு வண்டியோடு போயிருந்தேன். ஆனால் பஸ் மாறித் தனியாகப் போனதில்லை. நான் விழிப்பதைப் பாயின் மனைவி பார்த்தார். அதுவரை கிடாவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். கிடாவின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தினார். உள்ளே போய் வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"வா தங்கச்சி. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அக்கா, நீங்க எதுக்கு…"

"அங்க இருக்கிறதாவது பொழைக்கட்டும். நட."

மெயின்கார்டு கேட் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. காந்தி மார்க்கெட் பக்கம் வெங்காய வண்டிகளுக்கு நடுவே பஸ் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். இறங்கி ஓடிவிடலாமா என்று தவித்தேன். பாயின் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். காவிரிப் பாலத்தில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார்.

"அது கத்துச்சா?"

"தெரியலைக்கா. நான் பாக்கும்போதே…"

தலையை ஆட்டினார். "அடுப்படியில உரல்ல மாவாட்டிட்டு இருந்தேன். கத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது." 

உத்தர வீதி வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சந்து உண்டு. எரு இறக்குவதெல்லாம் அந்த வழியாகத்தான். கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. நாங்கள் இருவரும் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தோம். கன்று போட்டுச் சில நாளே ஆன பசு தொட்டியில் முகத்தைப் புதைத்து நின்றது. அந்த வீட்டு மாமி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து போய்த் தொட்டியிலிருந்த புல்லை வாரி வெளியே எறிந்தேன். பசுவின் வாயில் தொங்கியதையும் பிடித்து இழுத்தேன்.

மாமி அலறிவிட்டார். "யாரது? யாரைக் கேட்டு உள்ளே வரேள்? பசுவைத் தொடறாளே! ரங்கா, இதென்ன அக்கிரமம்!"

"அம்மா, புல்லுல அரளி இருக்கு. வண்டிக்காரரோட தங்கச்சிங்க நான். எங்க பக்கத்து வீட்டு ஆடு செத்துப்போச்சும்மா."

கையில் அகப்பட்ட இலையை நீட்டினேன். மாமி அதை வாங்கவில்லை. பார்த்தபடியே நின்றார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளிறிப்போனது.

"பெருமாளே… பாதிக்கட்டு போட்டாச்சே. பிள்ளை பெத்த உடம்பு, நன்னா சாப்பிடட்டும்னு நானே கையால ஊட்டினேனே."

அதற்குள் கட்டவிழ்ந்திருந்த கன்று பால் குடிக்க முட்டியது. பாயின் மனைவி அதைக் கட்டிப் பிடித்து இழுத்து, அந்தப் பக்கத்துத் தூணில் தன் துப்பட்டியை எடுத்து அதனாலேயே கட்டினார். மாமி தடுக்கவில்லை. யார் எதைத் தொட்டார்கள் என்று பார்க்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

மாமியின் வீட்டுக்காரர் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் வருவதற்குள் பசு படுத்துவிட்டது. எச்சில் வழிந்தது. உடம்பு விட்டுவிட்டு நடுங்கியது. டாக்டர் கரித்தூளைக் கரைத்து மூங்கில் குழாயால் வாயில் ஊற்றினார். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்.

"துடிப்பு தாறுமாறா இருக்கு. இதோட பாலை யாரும் தொடக் கூடாது. கன்னுக்குக்கூட விடாதீங்க" என்றார்.

வாழைத் தோப்பில் எருவை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு அண்ணன் அந்த வழியாக வந்தான். கொல்லையில் கூட்டம். நடுவில் நான், முக்காடில்லாமல் பாயின் மனைவி, படுத்துக் கிடக்கும் பசு. நான் சொல்லச் சொல்ல அவன் என்னைப் பார்க்கவே இல்லை. தரையில் சிதறிக் கிடந்த புல்லைப் பார்த்துக்கொண்டே அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"நான்தானே கட்டினேன். இந்தக் கையாலதானே கட்டினேன். இருட்டுல தெரியலையே" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

எங்களை அனுப்பிவிட்டு அவன் அங்கேயே தங்கினான். மறுநாள் மதியம்தான் வீடு திரும்பினான். பசு விடியற்காலையில் போய்விட்டது. கன்று பிழைத்தது. பால்காரர் வீட்டில் அண்ணி போனபோது கட்டு அவிழ்க்கப்படாமல் கொட்டகைக் கூரைமேலேயே கிடந்திருக்கிறது. அதைக் கேட்டபோதுகூட எங்களுக்கு நிம்மதி வரவில்லை. அந்தக் கொட்டகையில் எத்தனை மாடு நின்றது என்பதை நினைத்து இன்னொரு தடவை நடுங்கினோம்.

நாங்கள் அந்தப் பங்களாவில் அரளியைத் தொடவே இல்லை. பின்னே எப்படி வந்தது? அண்ணியும் நானும் போய்க் கேட்டோம். வாசலில் இருந்த வாட்ச்மேன் வயதானவர், எங்களிடம் எப்போதும் பிரியமாகப் பேசுகிறவர்.

"ஆமாம்மா, நீங்க போனப்புறம் அம்மா அரளி வேலியைக் கத்தரிக்கச் சொன்னாங்க. நான்தான் வெட்டினேன். சாயந்தரம் விருந்தாளி வராங்கன்னு அவசரமா கூட்டி உங்க குவியல்ல தள்ளிட்டேன். எல்லாம் குப்பைதானே, நீங்கதானே அள்ளிட்டுப் போகப்போறீங்கன்னு…"

அண்ணி சொன்னாள், நடந்ததையெல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். திட்டுவதற்கென்றே போன அண்ணிக்குத் திட்ட வாய் வரவில்லை. குப்பைதானே என்று அவர் சொன்னதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. எங்களுக்குத்தான் அது புல், தழை, சுள்ளி என்று தனித்தனி. அவருக்கு எல்லாம் ஒன்று. அந்த ஒரு சொல்லில் இரண்டு உயிர் போயிருந்தது. 

அண்ணன் மணப்பாறைச் சந்தைக்குப் போய் ஒரு கிடா பிடித்து வந்து பாய் வீட்டில் கட்டினான். பாய் முதலில் வேண்டாம் என்றார். "தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்க" என்றார். அவர் மனைவிதான் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். ஆனால் புல்லுக்கட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் தானே போய் ரயில் பாதையோரம் அறுத்து வந்தார். ஸ்ரீரங்கத்து மாமி எங்கள் வண்டி அந்தச் சந்தில் நுழையவே கூடாது என்றார். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கோடையில் துளசி மாடத்துக்கும் நந்தியாவட்டைக்கும் எரு மட்டும் கேட்டு ஆள் அனுப்பினார்.

எனக்கு நீண்ட நாளைக்குப் புல்லைத் தொட்டாலே கை தேடும். கட்டை அவிழ்த்துப் பிடிப்பிடியாக விலக்கிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டேன். அண்ணனும் வெட்டியதை அன்றைக்கே அள்ளாமல் வருவதில்லை. ஒரு நாள்கூடப் பங்களாவில் குவியல் போட்டு வைத்ததில்லை. அரளி, எருக்கு, ஊமத்தை எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு குழி தோண்டினான். எரித்தால் புகையும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மண்ணும் சாணமும் போட்டு மூடி, அதன் பக்கம் ஆடு மாடு வராமல் முள் வைத்தான்.

ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு அதைத் திறந்தான். கறுப்பாக, பொலபொலவென்று, மற்றக் குழி எரு மாதிரியேதான் இருந்தது. உள்ளே மண்புழு நெளிந்தது. இருந்தாலும் விற்க அவனுக்கு மனம் வரவில்லை. "நம்ம வீட்டுல போட்டுப் பாப்போம்" என்று எங்கள் குவார்ட்டர்ஸ் கொல்லையில் அவரைப் பந்தலுக்குக் கொட்டினான்.

அந்த வருஷம் அவரை பந்தல் தாங்காமல் காய்த்தது. முதல் பறிப்பிலேயே பொரியல் செய்துவிட்டேன். அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். மூன்று இலையிலும் பொரியலைப் பரிமாறியாயிற்று. யாரும் கை வைக்கவில்லை. அண்ணன் ரசச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். அண்ணி இலையின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

அப்போது ஷிப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். கையைக் கழுவிவிட்டு என் இலை முன்னால் உட்கார்ந்தவர் முதல் வாயாக அவரைக்காயைத்தான் எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க?" என்றார். மென்று விழுங்கிவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி. இன்னும் இருக்கா?" என்று இலையை என் பக்கம் நகர்த்தினார்.