பாடாத பாட்டுக்கு ஒரு பொன்னாடை

கடலூரில் எங்கள் லுத்தரன் சபைக்கு அமைதி என்றால் ஆகாது. மௌன ஜெபம் என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே யாராவது மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். இது தெரிந்தும் எங்கள் கொயர் மாஸ்டர், நடுநடுவே நின்று மூச்சு விடுகிற ஒரு ஜெர்மன் கான்டாட்டாவைத் தேர்ந்தெடுத்தார்.

கான்டாட்டா என்பது முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் கோயில் ஆராதனைக்கென்றே எழுதிய இசை. முதலில் கொயர் சேர்ந்து பாடும், பிறகு ஒருவர் தனியாகப் பாடுவார், கடைசியில் சபைக்குத் தெரிந்த ஞானப்பாட்டு ஒன்றோடு முடியும். ஜெர்மனியிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள், அவர்கள் ஊர்ச் சரக்கையே அவர்களுக்குக் காட்டி அசத்துவோம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது.

எங்கள் சபையில் சோலோ குரலைப் பார்த்துக் கொடுப்பதில்லை. பொருளாளரின் மனைவி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அவருக்குச் சொந்தம். ஆனால் இந்தப் பாட்டின் நடுவே ஒரு உச்ச ஸ்வரம். அதில் ஏறி, நின்று, இறங்க வேண்டும். அவர் ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏறினார், நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். நான் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து வருஷக்கணக்காகப் பின்வரிசையில் நின்று ஆமென் பாடியவள். முதல் தடவையாக என் குரலைத் தனியாக நாலு பேர் கேட்கப் போகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பஸ் புதுச்சத்திரம் தாண்டினால் முணுமுணுக்க ஆரம்பிப்பேன். கீரப்பாளையத்தில் ஆபீஸிலும் விடவில்லை. பக்கத்து மேஜையில் இருப்பவர் லால்பேட்டைக்காரர். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"ஒரே வார்த்தைய எத்தன தடவ மேடம் சொல்லுவீங்க? அதுக்கு என்னா அர்த்தம்?"

"ஆண்டவரே, கேளும்னு அர்த்தம் பாய்."

"அவருக்கு மொத தடவையே கேட்டிருக்குமே. ஜாஸ்தியா தொந்தரவு பண்றீங்க."

விருந்தாளிகள் வந்த ஞாயிற்றுக்கிழமை, முதல் கோரஸ் நன்றாகவே போயிற்று. யாரும் யாரையும் முந்தவில்லை, எங்களுக்கு அதுவே அற்புதம். அடுத்து நான். பாண்டிச்சேரியிலிருந்து வந்த வயலின்காரர்கள் குனிந்து கம்பியைச் சரி பார்த்தார்கள். நான் மூச்சை இழுத்தேன். அந்தச் சின்ன அமைதியில் ஆயர் எழுந்துவிட்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

"அருமை. இந்த நல்ல நேரத்துல நம்ம விருந்தாளிங்கள கனப்படுத்துவோம்" என்றார் மைக்கில்.

பொன்னாடைகள் வெளியே வந்தன. அதன்பிறகு எங்கள் சபையை ஆண்டவரே நினைத்தாலும் நிறுத்த முடியாது. விருந்தாளிகளுக்கு, வயலின்காரர்களுக்கு, மைக் செட்டுக்காரருக்கு, கமிட்டிக்குக் கமிட்டியே. மாஸ்டர் கையைத் தூக்கியபடியே நின்றார். ஆயர் நிகழ்ச்சித் தாளைப் பார்த்து, "சோலோ பாடின சகோதரிக்கு நம்ம பொருளாளர் அம்மா பொன்னாடை போடுவாங்க" என்றார். சபை கைதட்டியது.

பொருளாளரின் மனைவி வந்து போர்த்தினார். போர்த்தும்போது என் காதருகே, "நீங்க இன்னும் பாடவே இல்லியே" என்றார்.

அதற்குள் ஆயர் கடைசிப் பாட்டை அறிவித்துவிட்டார். அந்த ராகம் எங்கள் ஊரில் அடக்க ஆராதனைக்குப் பாடுவது. சபை முழுக்க எழுந்து, பெட்டிக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில், தமிழில் பாடியது. மாஸ்டர் கையைக் கீழே போட்டார். அடக்கம் செய்தது என் சோலோவைத்தான்.

பிறகு சாப்பாடு. தேவனாம்பட்டினத்து வஞ்சிரத்தை வாயில் வைத்துக்கொண்டே எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சோலோ பிரமாதமாம். ஜெர்மன் அம்மா ஒருவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர்கூட, "கடைசில ஒரு இழு இழுத்த பாரு, அதான் டாப்பு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாராட்டிய இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட நான் தனியாக வாய் திறக்காதது தெரியவில்லை.

கை கழுவுகிற இடத்தில் பொருளாளரின் மனைவி நின்றிருந்தார்.

"இப்ப பாடுங்க" என்றார்.

"எதுக்குக்கா?"

"அந்த மேல் ஸ்வரத்துல நீங்க என்னா பண்றீங்கன்னு பாக்கத்தான் காலைலேர்ந்து உக்காந்திருக்கேன்."

கோபத்தில் பாடினேன். வயலின் இல்லை, குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடாமல், என் தொண்டையையே பார்த்தபடி கேட்டார். உச்ச ஸ்வரத்தில் ஏறினேன், நின்றேன், இறங்குகிற இடத்தில் குரல் பிசிறிவிட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"நெனச்சேன். எனக்கு ஏறும்போது போவுது, உங்களுக்கு எறங்கும்போது" என்றார் சந்தோஷமாக. பிறகு, "மிச்சத்தையும் பாடுங்க" என்றார்.

பாடினேன். ஒரு ஸ்வரம் விடாமல் கடைசிவரை கேட்டவர் அவர் ஒருவர்தான்.