பின்சக்கரத்து அம்புக்குறி

பாளையங்கால்வாய்க் கரைச் சேற்றுக்கு ஒரு வாடை உண்டு. அழுகிய வைக்கோலும் ஆற்றுத் தண்ணீரும் கலந்த அந்த வாடை சட்டையில் ஏறினால் ஒரு சலவைக்குப் போகாது. ஒன்பதாம் வகுப்பு படிக்கையில், ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், அதை வெள்ளைச் சட்டையின் நெஞ்சு நிறையச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

கரைவழியே போகக் கூடாது என்பது வீட்டில் கண்டிப்பான உத்தரவு. அன்று, வகுப்பில் எனக்குப் பின்பெஞ்சில் உட்காரும் மேலப்பாளையத்துக் காஜாவின் சைக்கிளோடு அந்த வழியே போனதும், அதன் பின்சக்கரம் சேற்றில் சிக்கியதும், அவன் மிதிக்க நான் பின்னால் நின்று தள்ளியதும் வீட்டுக்குத் தெரியாது. "மட்கார்டு" இல்லாத சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி என்மேல் இறைத்தது.

"பைய மிதிலே, எனக்குல்லா அடிக்குது!"

"சக்கரம் தரையைப் பின்னால தள்ளுது. தரை திருப்பி முன்னால தள்ளுனாத்தானே வண்டி நகரும்? இங்கன தரை வழுக்குது, அதான் உனக்கு அபிஷேகம்" என்று காஜா சிரித்தான்.

பஸ் சேற்றை அடித்துவிட்டுப் போனதாக அம்மாவிடம் சொன்னேன். சட்டையைக் கல்லில் விரித்துப் போட்டு, சிறிது நேரம் பார்த்தாள். "பஸ் அடிச்சா ஒரு பக்கமால்லா இருக்கும். இது கீழயிருந்து மேல ஏறிருக்கே" என்றவள், "கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கவளுக்குப் புத்தி வேண்டாமா" என்று தனக்குள் முனகியபடி பிரஷ்ஷை எடுத்தாள். அதற்குமேல் கேட்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் ஒரு படம் வந்தது. ஒருவன் சைக்கிளை மிதித்துப் போகிறான்; இரண்டு சக்கரங்களிலும் தரையின் உராய்வு எந்தத் திசையில் என்று அம்புக்குறி இட வேண்டும். உராய்வு ஓட்டத்துக்கு எதிராகவே இருக்கும் என்று அறிவியல் சார் சொல்லிக் கொடுத்திருந்ததால், வகுப்பே இரண்டு அம்புகளையும் பின்னோக்கிப் போட்டது. இரண்டு தாள்களில் மட்டும் முன்சக்கரத்து அம்பு பின்னோக்கியும், மிதிபடும் பின்சக்கரத்து அம்பு முன்னோக்கியும் இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றொன்று காஜாவுடையது.

சார் இரண்டு தாள்களையும் உயர்த்திப் பிடித்தார். "சரியானதை நாப்பது பேரு ஒண்ணுபோல எழுதலாம்வே. தப்பை ரெண்டு பேரு ஒண்ணுபோல எழுதினா, அதுல ஒருத்தன் திருடன்." முதல் மூன்று ரேங்குக்குள் வருகிறவன் நான், காஜா தேறுவதே பெரும்பாடு. எனவே திருடன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பார்த்து எழுதியவனுக்கு முழுத்தாளுக்கும் பூஜ்யம். காஜாவின் வாப்பா வளைகுடாவில் இருந்தார்; ஒரு பாடத்தில் தோற்றாலும் பள்ளியை நிறுத்திக் காயல்பட்டினத்தில் தன் கடையில் உட்கார வைத்துவிடுவதாக அவன் மாமா சொல்லியிருந்தது வகுப்புக்கே தெரியும்.

"நான் பார்த்து எழுதல சார். வாய்க்காக் கரையில சைக்கிள் சிக்கிச்சு. சேறு எந்தப் பக்கமாப் பறந்துச்சுன்னு இவன்ட்ட கேளுங்க, இவன் சட்டையிலதான் அடிச்சது."

"ஏலே, நெசமா?" சார் என் பக்கம் திரும்பினார்.

என் அப்பா அதே பள்ளியில் தமிழாசிரியர். இங்கே சொல்வது எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். போதாததற்கு, அந்த நிமிடத்தில் எனக்கே காஜாமேல் ஒரு சந்தேகம் எழுந்தது: எனக்குத் தெரிந்தது இவனுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொன்னதே அவன்தான் என்பதை நான் வசதியாக மறந்திருந்தேன்.

"ஞாபகம் இல்ல சார்."

"சேறு வந்து சாட்சி சொல்லுமோவே? உக்காரு" என்றார் சார் காஜாவிடம். வகுப்பு சிரித்தது. காஜா சிரிக்கவில்லை, என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பின்பெஞ்சில் அவன் இடம் காலியாக இருந்தது.

பின்னாளில் செய்தித்தாள் வேலைக்கு வந்தேன். அதிகாரியோ, ஒப்பந்தக்காரரோ, கண்ணால் கண்ட சாட்சியோ, "ஞாபகம் இல்லை" என்று யார் சொன்னாலும் குறிப்பேட்டில் அந்த வார்த்தையின்கீழ் ஒரு கோடு போட்டுவிடுவேன். அந்தக் கோடு பெரும்பாலும் வீண் போனதில்லை.

இப்போது கரைவழி தார்ச்சாலையாகிவிட்டது; சைக்கிள் போக்குவரத்தும் குறைந்துவிட்டது, புதைவதற்குச் சேறும் இல்லை. சட்டையைப் பார்த்தே பொய்யைப் படித்த அம்மாவும் இல்லை. என் மகளுடைய அறிவியல் நோட்டில் பின்சக்கரத்து அம்பு முன்னோக்கி இருக்கிறது. அதன் பக்கத்தில் ஆசிரியரின் சிவப்பு மையில் சரிக்குறி.

சென்ற மாதம் ஒரு செய்திக்காகக் காயல்பட்டினம் போனபோது காஜாவைக் கடையில் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, டீக்கு ஆள் அனுப்பிவிட்டு, "என்னலே, இப்பமாவது ஞாபகம் வருதா?" என்றான்.

"வருது" என்றேன்.

"அப்பம் டீயைக் குடி" என்று சிரித்தான். தொழில் பழக்கமோ என்னவோ, அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.