புதுப் பிரேக்குக்கு ஒரு கட்டை

1992 செப்டம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அப்பா அந்த வாரத்துக்கான அலுவலகச் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கிவிட்டார். அம்மா ரொட்டி சுட்டாள். நான் சம்பலுக்குத் தேங்காய் திருவினேன். கண்டி மஹய்யாவையில் எங்கள் வீட்டு ஞாயிறுகள் இப்படித்தான் தொடங்கும். அடுத்தது கார் கழுவுவது. ஆனால் அன்று வாசலில் கார் இல்லை. மாமாவின் கராஜில் இருந்தது.

அது அப்பாவைவிட இரண்டு வயது இளைய மொரிஸ் மைனர். அதன் பிரேக் கண்டி மேடுகளுக்கு ஆகாது. சரிவில் நிறுத்தினால் நான் குதித்திறங்கி முன்சில்லுக்கு அடியில் மரக்கட்டை வைக்க வேண்டும். லொறியில் கிளீனர் செய்கிற வேலை. பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு தடவை இதைப் பார்த்துவிட்ட வகுப்புப் பிள்ளைகள் எனக்குக் 'கிளீனர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அம்மாவின் தம்பியான மாமா அந்த வருடம்தான் சொந்தக் கராஜ் திறந்திருந்தார். ஒரு ஜப்பான் காரின் பின் அச்சை, அதன் பெரிய பிரேக்குகளோடு சேர்த்து எங்கள் காரில் பொருத்தியிருந்தார்.

"இனி மலை உச்சியில நிப்பாட்டினாலும் அசையாது. அந்தக் கட்டைய அடுப்புல வச்சிரு புள்ள" என்றார், நாங்கள் காரை எடுக்கப் போனபோது. எனக்கு விடுதலை கிடைத்தது போலிருந்தது. ஆனால் அப்பா கட்டையை அடுப்பில் வைக்கவில்லை. வழக்கம்போல என் காலடியில் வைத்தார்.

காருக்குப் பூசை போடக் கோவில் சரிவில், இறக்கத்தைப் பார்த்தபடி காரை நிறுத்தினோம். வேலை முடிந்த வண்டி ஓடும் சத்தத்தோடுதான் தீபாராதனை காண வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு. அதனால் இன்ஜினை அணைக்கவில்லை. நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. குருக்கள் சந்தனத்தோடு காரின் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் சொந்தக்காரர்களும், மடவளையிலிருந்து வந்த லொறி முதலாளியும். மாமாவின் வேலையைப் பார்த்துவிட்டுத் தன் லொறிகளைப் பழுதுபார்க்கக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவர் வந்திருந்தார்.

அப்பா ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். தளர்ந்த கயிற்றை இழுப்பது போல அது தடையே இல்லாமல் மேலே வந்தது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தார். அப்போதும் அப்படியே வந்தது.

"எறங்குங்க மச்சான், கற்பூரம் அணையப் போவுது" என்றார் மாமா.

அப்பா மிதிபிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "பாப்பா, கட்டைய வையி" என்றார்.

"மாமாதான் வேணாம்னு சொன்னாரேப்பா."

"வையிம்மா."

இத்தனை பேர் பார்க்க இறங்கினேன். முகம் எரிந்தது. எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கட்டையை வைத்ததும் முதலாளிதான் முதலில் சிரித்தார். "பழம் பத்தாதுன்டு கட்டையும் வெக்கிறாரே!"

மாமாவின் முகம் கறுத்தது. பிறகு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். "எங்க மச்சானுக்கு மாட்டு வண்டிதான் சரி!"

அப்பா இறங்கி வந்து முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டார். "நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளிங்க. பழக்கம் விடமாட்டேங்குது. மாப்புள வேலையில ஒரு குறையும் இல்ல. வரும்போது மிதிச்சுப் பாத்தேன், அப்படியே நின்னுச்சு" என்று சொல்லி அவரும் சிரித்தார்.

அடுத்த வாரமே இரண்டு லொறி அனுப்புவதாக முதலாளி சொன்னார். மாமாவின் கையை எல்லாரும் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பாவைப் பார்த்தவர்கள் மட்டும் சிரிப்பை அடக்கினார்கள். தன்னைத்தானே பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரின் மகளாக, தலை குனிந்து நின்றேன்.

மாலையில் அப்பா தனியாக நடந்தே மாமாவைப் பார்க்கப் போனார். சபையில் அவரை அவமானப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்கும் வெட்கப்பட்டேன்.

மறுநாள் காலை பல் துலக்க வெளியே வந்தபோது, மாமா முதல் வேலையாக, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், எங்கள் வாசலில் காருக்கடியில் படுத்திருந்தார். பக்கத்தில் கழற்றிப் போட்ட பழைய ஹேண்ட் பிரேக் கேபிள் கிடந்தது. அப்பா குந்தியிருந்து டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தார். முன்சில்லுக்கு அடியில் இருந்த கட்டையை எடுத்து ஒளித்துவிடலாம் என்று குனிந்தேன்.

காருக்கடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "புள்ள, கட்டைய எடுத்துறாத."

அப்பாவின் பயம் மாமாவையும் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் இருவருக்காகவும் வெட்கப்பட்டுக்கொண்டே நடந்தேன்.